கூரைப் பீலிகளைத் துப்புரவு செய்தலும் ஏணி வேலையிற் பாதுகாப்பும்

நெல்லையும் மரக்கறியையும் விளைவிக்கும் கமக்காரர் வயலிலும் தோட்டத்திலும் நேரும் ஆபத்துக்களை நன்கு அறிவர். உழவு இயந்திரத்தின் முன் எச்சரிக்கையாக நிற்பர். பீடைநாசினி தெளிக்கும்போது காற்றின் திசையை நோக்குவர். ஆயின், வீட்டிலும் களஞ்சியத்திலும் கூரைப் பீலியைத் துப்புரவாக்க ஏணியில் ஏறும்போது அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. ஆண்டுக்கு ஓரிரு முறை, அரைமணி நேரத்திற் செய்து முடிக்கும் சிறுவேலை என்று அதனை எண்ணுவதே இதற்குக் காரணமாகும்.

பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் கால் முறியலாம்; முள்ளந்தண்டு பழுதுறலாம்; உயிரையும் இழக்கலாம். பீலியைத் துப்புரவாக்க ஏற்ற காலம் பெரும்போக விதைப்பிற்குச் சற்று முந்திய காலமாகும். அக்காலத்தில் ஒருவர் கால் முறிந்து படுக்கையிற் கிடந்தால் உழவு தவறும், விதைப்புப் பிந்தும், ஒரு போகமே கைவிட்டுப் போகும். ஆகையால் இவ்வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறைகளை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

1. பீலியைத் துப்புரவாக வைத்திருப்பதன் பயன்

கூரையில் விழும் மழைநீரை ஏந்தி, இறங்கு குழாய் வழியாகச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ப்பதே பீலியின் தொழில். வேம்பு, மா, புளி முதலிய மரங்களின் இலைகளும் பூக்களும், காற்றுக் கொணரும் மணலும், பறவைகள் கட்டும் கூடுகளும் பீலியை அடைத்துவிடின் பின்வரும் தீமைகள் உண்டாகும்.

முதலாவதாக, நீர் பீலிக்கு மேலாக வழிந்து சுவரை நனைக்கும். களஞ்சியச் சுவர் நனைந்தால் உள்ளே அடுக்கிய நெல் மூடைகளும் ஈரத்தை ஏற்கும். நெல்லை நூற்றுக்கு 13 பங்கு ஈரத்துக்கு மேற்படாது உலர்த்திச் சேமித்தல் வேண்டும் என்பது கமக்காரர் அறிந்ததே. பலநாள் வெயிலிற் காயவைத்துப் பெற்ற பயனை ஓர் இரவு மழை கெடுத்துவிடும்.

இரண்டாவதாக, பீலியில் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு சிறிதளவு தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் இருப்பதால் வீட்டிலும் வளவிலும் எல்லாவற்றையும் துப்புரவாக்கியவர்களும் பீலியை மறந்துவிடுவர்.

மூன்றாவதாக, மழைநீரைத் தொட்டியிற் சேர்ப்போர் நீரை இழப்பர். முப்பதடி நீளமும் இருபதடி அகலமுமுள்ள கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,400 இலீற்றர் நீர் விழும். சிந்தியும் ஆவியாகியும் போவது ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டாலும், 1,100 இலீற்றருக்கு மேற்பட்ட நீர் தொட்டியை அடைதல் வேண்டும். வரண்ட பிரதேசத்தில் இந்நீர் குடிப்பதற்கும் நாற்றுமேடைக்கு ஊற்றுவதற்கும் எத்துணை அரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2. எக்காலத்திற் செய்தல் வேண்டும்?

வடக்கு, கிழக்கு, வடமத்திய பகுதிகளில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. ஆகையால் ஆவணிக் கடைசியிலோ புரட்டாதி முற்பகுதியிலோ பீலியைத் துப்புரவாக்குதல் நன்று. முதல் மழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்வையிடல் வேண்டும். தென்மேல் பருவக்காற்றால் மழை பெறும் மலைநாட்டிலும் மேற்குப் பகுதியிலும் உள்ளோர் சித்திரை மாதத்திலேயே இவ்வேலையை முடித்துக்கொள்ளல் வேண்டும்.

நாளையும் நேரத்தையும் கவனித்துத் தெரிவு செய்க. ஆவணியிற் சோளகக் காற்று பலமாக வீசுமாதலால், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலை நேரமே சிறந்தது. பனியாலோ மழையாலோ ஏணிப்படிகள் நனைந்திருப்பின் அவை உலரும்வரை காத்திருக்க வேண்டும். இடி முழங்கும்போதும், இருள் சூழ்ந்தபின்பும் ஏணியில் ஏறுதல் ஆகாது. மழை பெய்துகொண்டிருக்கையில் பீலி வழிவதைக் கண்டு உடனே அடைப்பை எடுக்க ஓடுவது பலரிடமுள்ள பழக்கமாகும். இதுவே மிகவும் ஆபத்தானது. வழியும் நீர் வழியட்டும்; மூடைகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, படங்கினால் மூடிவிட்டு, மழை விட்டபின் ஆவன செய்க.

3. யார் செய்தல் வேண்டும்?

இவ்வேலையை ஒருவர் தனியே செய்யலாகாது. ஏணியின் அடியில் நின்று அதைப் பிடிப்பதற்கும், வாளியை வாங்கிக் கொடுப்பதற்கும், விபத்து நேரின் உதவி அழைப்பதற்கும் இன்னொருவர் வேண்டும். வீட்டில் ஆளில்லை எனின் அயலவர் ஒருவரை அழைத்து, பின்னர் அவர் வீட்டுப் பீலிக்கு நீங்கள் உதவி செய்யலாம். வயலில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழக்கம் இங்கும் பயன்தரும்.

தலைச்சுற்று உள்ளோரும், மயக்கந்தரும் மருந்து உட்கொள்வோரும், கள்ளோ சாராயமோ அருந்தியோரும் ஏறலாகாது. பாரம் குறைந்தவர் என்று சிறுவரை ஏற்றுவது பெருந்தவறு. சாரத்துடன் ஏணியில் ஏறினால் அது படியிற் சிக்கும். காற்சட்டை அணிந்தே ஏறுதல் வேண்டும். தளர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு, வழுக்காத அடியுள்ள சப்பாத்தை அணிக. பழைய தகரப் பீலியின் விளிம்பு கத்தி போன்றது; ஆதலால் தடித்த கையுறை அவசியம்.

4. நிலத்தில் நின்றே செய்யத்தக்கது

ஏணியில் ஏறாது முடிக்கக்கூடிய வேலைக்கு ஏணியில் ஏறாதிருத்தலே முதலாவது பாதுகாப்பாகும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியைப் போன்ற உலர்ந்த மூங்கிற் தடியொன்றின் நுனியில், வளைந்த தகட்டையோ சிறிய அகப்பையையோ இறுகக் கட்டினால், ஒன்பது பத்தடி உயரமுள்ள பீலியிலிருந்து உலர்ந்த இலைகளை நிலத்தில் நின்றவாறே இழுத்துவிடலாம். இதனைச் செய்பவர் கண்ணிற் தூசி விழாதவாறு கண்ணாடி அணிந்து, பீலிக்கு நேர்கீழே நில்லாது சற்று விலகி நிற்றல் வேண்டும். மின்கம்பி உள்ள பக்கத்தில் இத்தடியையும் உயர்த்தலாகாது.

கூரைமேற் படரும் மரக்கிளைகளை உரிய காலத்தில் வெட்டிவிடுவதும் வேலையைக் குறைக்கும். அக்கிளைகளின் வழியே கூரைக்கு வரும் குரங்குகளும் எலிகளும் அதனாற் குறையும். குரங்குகள் பாய்வதால் ஓடுகளும் பீலிகளும் உடைவதைப் பலர் கண்டிருப்பர்.

5. ஏணியைத் தெரிதலும் நிறுத்துதலும்

ஏறுமுன் ஏணியை நிலத்திற் கிடத்தி, ஒவ்வொரு படியையும் கையினால் அசைத்துப் பாருங்கள். படி தளர்ந்திருப்பினும், கால் வெடித்திருப்பினும், மூங்கிலில் வண்டு துளைத்திருப்பினும் அதனை விறகாகப் பயன்படுத்துக. மரஏணிக்கு நிறப்பூச்சுப் பூசலாகாது. ஏனெனில், பூச்சு வெடிப்பை மறைத்துவிடும். கதிரை, பீப்பா, அடுக்கிய கற்கள் ஆகியவற்றின்மேல் ஏணியை வைத்தலும், உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏணியை நிறுத்தி ஏறுதலும் முற்றாக விலக்கத்தக்கன.

பீலி வேலைக்கு மிகவும் ஏற்றது தானே நிற்கும் இரட்டை ஏணியாகும். அதன் நான்கு கால்களும் சமமான, உறுதியான நிலத்திற் படிய வேண்டும். அதனை முற்றாக விரித்து, இரு பக்கங்களையும் பிணைக்கும் பூட்டை இறுக்கிய பின்னரே ஏறுதல் வேண்டும்.

சாத்தும் ஏணியைப் பாவிக்க நேரின், அதனைப் பீலியில் ஒருபோதும் சாத்தலாகாது. பி.வி.சி. பீலி உடையும், தகரப் பீலி நெளியும், இரண்டிலும் ஏணி பக்கவாட்டில் வழுக்கும். வலுவான விட்டத்திலோ தூணிலோ சாத்தி, தலைப்பக்கத்தைக் கயிற்றினாற் கட்டுக. அவ்வாறு சாத்தியபின் பீலி உங்கள் தலைக்குப் பின்னால் அமையுமாயின், திரும்பி எட்டி வேலை செய்ய முயலாதீர். அவ்விடத்துக்கு அவ்வேணி உதவாது.

சாத்தும் ஏணியின் சாய்வுக்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிக்கால் விலகியிருத்தல் வேண்டும். ஏணி சாயும் இடம் பன்னிரண்டடி உயரமெனின், அடிக்கால் அவ்விடத்துக்கு நேர்கீழிருந்து மூன்றடி தள்ளியிருக்கும். இதனிலும் கிட்டே வைத்தால் ஏணி பின்புறம் சரியும். தூர வைத்தால் அடி வழுக்கும். மணல் நிலத்தில் காலின் கீழ் அகன்ற பலகை இட்டு, அலவாங்கினாற் குழியிட்டு முளை அடித்து, அதனோடு ஏணிக்கால்களைக் கட்டுதல் நன்று.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியை நோக்கியவாறே செல்க. இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். கருவிகளைக் கையிற் கொண்டு ஏறாது, வாளியிலிட்டுக் கயிற்றினால் மேலே எடுங்கள். மேலுள்ள மூன்று படிகளில் நிற்றல் ஆகாது. உங்கள் கொப்பூழ் ஏணியின் இரு கால்களுக்கும் இடையில் இருக்கும்வரை நீங்கள் பாதுகாப்பாக இருக்கின்றீர்கள். அது வெளியே சென்றால் ஏணியும் உங்களோடு சாயும். கை எட்டாத இடத்துக்கு இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இறங்கச் சோம்பி, இன்னும் ஓர் அடி எட்டினாற் போதும் என்று எண்ணும் வேளையிலேயே ஏணி சரிகின்றது.

6. கல்நார்க் கூரையில் ஏறாதீர்

அஸ்பெஸ்ரஸ் எனப்படும் கல்நார்த் தகடுகள் எமது வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மிகுதியாக உள்ளன. இவை பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், ஆளின் பாரத்தைத் தாங்குவதற்கு ஆக்கப்பட்டவையல்ல. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த தகடு எவ்வித அறிகுறியுமின்றி உடைந்து, மேலே நிற்பவரை உள்ளே வீழ்த்திவிடும். ஆணி அறைந்த வரிசையில் கால்வைத்தால் உடையாது என்று நம்புவதும் தவறு. பீலி வேலை எதற்கும் இக்கூரைமேல் ஏறலாகாது. தகடு மாற்றவேண்டியிருப்பின், கூரைமேல் நடைபலகை பரப்பி வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளரை அழைக்குக.

இத்தகடுகளின் தூசி நுரையீரலைக் கெடுத்து, பல ஆண்டுகளின்பின் கொடிய நோய்களை உண்டாக்கும். ஆகவே கல்நார்க் கூரையைச் சேர்ந்த பீலியிலுள்ள குப்பையை முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொள்க. உலர்ந்தபடி கூட்டுதலும், கம்பித் தூரிகையால் தகட்டைத் தேய்த்தலும், அரத்தாலோ வாளாலோ அறுத்தலும் ஆகா. எடுத்த சேற்றை ஈரத்துடனே ஒதுக்குப்புறத்திற் புதைத்துவிடுக; மரக்கறிப் பாத்தியில் இடலாகாது.

7. மின்கம்பியும் விஷசெந்துக்களும்

மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி பெரும்பாலான வீடுகளில் இறவாரத்தை ஒட்டியே இணைக்கப்பட்டுள்ளது. வேலை தொடங்குமுன் அது எங்கே செல்கின்றது என்பதை நிலத்தில் நின்று நோக்குக. கம்பிக்குப் பத்தடிக்குள் ஏணியோ தடியோ செல்லலாகாது. அலுமினிய ஏணியும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டிலுள்ள பிரதான ஆளியை நிறுத்தினாலும் கம்பத்திலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறவாதீர். கம்பி பீலியை ஒட்டிச் செல்லுமாயின் அப்பகுதியை விட்டுவிட்டு, மின்சாரம் வழங்கும் அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் மின்சாரத்தைத் துண்டித்தபின் வேலை செய்க.

இறவாரத்தின் கீழ்க் குளவிக்கூடு உண்டா என்பதையும் முன்னரே பார்க்க வேண்டும். ஏணியில் நிற்கும்போது குளவி கொட்டினால், கொட்டின் நோவிலும் பதறி விழுவதால் வரும் கேடு பெரிது. பீலிக்குள் பாம்பு, தேள் முதலியனவும் தங்கும். கண் காணாத இடத்திற் கையை விடாது, முதலில் தடியினாற் கிளறிப் பார்க்க.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் உண்டாகும். வயற்சேற்றில் இந்நோய் வருவதை அறிந்த கமக்காரர், பீலியிற் தேங்கிய நீரையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். கையிற் காயமிருப்பின் நீர்புகாதவாறு மூடிக்கட்டி, வேலை முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகால்களைக் கழுவுக.

8. துப்புரவு செய்யும் முறை

தொட்டிக்குச் செல்லும் குழாயை முதலிற் கழற்றிவிடுக. இன்றேல் அழுக்கெல்லாம் குடிநீரிற் சேரும். இறங்கு குழாயின் வாயைப் பழந்துணியால் அடைக்க. அதனருகே தொடங்கி, குப்பையைச் சிறு அகப்பையால் அள்ளி, ஏணியிற் கொளுக்கியினால் தொங்கவிட்ட வாளியில் இடுக. கீழே எறிந்தால் ஏணி பிடிப்பவர் கண்ணில் விழும். வாளி பாதி நிரம்பியதும் கயிற்றினால் இறக்குக. குப்பை எடுத்து முடிந்தபின் துணியை அகற்றி, பீலியின் மறுமுனையிலிருந்து நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் தங்குதடையின்றி ஓடினால் வேலை முடிந்தது. குழாயில் அடைப்பிருப்பின், கீழ்முனையிலிருந்து நீண்ட ஈர்க்குக் கட்டையோ வளையும் கம்பியையோ செலுத்தி நீக்குக.

ஓட்டுக் கூரை, தகரக் கூரை ஆகியவற்றின் பீலியிலிருந்து எடுத்த மக்கிய இலைகள் கூட்டெருவுக்கு நல்லன.

9. பழுது பார்த்தல்

பீலி இறங்கு குழாயை நோக்கிச் சிறிது சாய்ந்திருத்தல் வேண்டும். பத்தடி நீளத்துக்கு அரை அங்குலச் சாய்வு போதுமானது. நீர் ஓரிடத்தில் தேங்கி நின்றால், அங்குள்ள கொளுக்கி தளர்ந்துள்ளது என அறிக. கொளுக்கிகள் மூன்றடிக்கு ஒன்றாயினும் இருத்தல் நன்று. தளர்ந்த ஆணியை மீண்டும் அதே துளையில் அறையாது, சற்று விலகித் திருகாணியிட்டு இறுக்குக. கொளுக்கி அறைந்துள்ள பலகை உக்கியிருப்பின் பலகையை மாற்றாது கொளுக்கியை மாற்றுவதால் பயனில்லை.

தகரப் பீலியிலுள்ள துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசலாம். பெரிய பழுதாயின் பீலியைக் கழற்றி நிலத்தில் வைத்தே திருத்துங்கள். நீண்ட பீலியைக் கழற்றும்போது இரு முனைகளிலும் ஆள் வேண்டும். துருப்பிடித்த தகரம் வெட்டினால் ஏற்புவலி வராது தடுக்கும் ஊசி பற்றி வைத்தியசாலையில் உடனே கேட்டறிதல் வேண்டும்.

வேலை முடிந்தபின் தொட்டிக்குச் செல்லும் வாயில் நுளம்பு புகாத நுண்வலையைக் கட்டுக. பருவத்தின் முதல் மழைநீரைத் தொட்டியில் விடாது வெளியே ஓடவிட்டபின் குழாயை இணைக்குக.

10. விபத்து நேரின்

விழுந்தவரைப் பதற்றத்தில் தூக்கி நிறுத்தாதீர். கழுத்திலோ முதுகிலோ நோவு உண்டெனின், அல்லது கைகால் விறைத்திருப்பின், கிடந்தபடியே அசையாது வைத்திருக்க வேண்டும். முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றிச் செல்வதால் முள்ளந்தண்டு மேலும் கெடலாம். இலவச நோயாளர் வண்டிச் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்குக. இரத்தம் பாய்ந்தால் துப்புரவான துணியால் அழுத்திப் பிடிக்குக.

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையாற் தொடலாகாது. தொட்டால் இருவரும் வீழ்வர். வீட்டு மின்சாரத்தாற் தாக்குண்டவரெனின் பிரதான ஆளியை நிறுத்துக. கம்பத்துக் கம்பியாயின் அருகிற் செல்லாது, மின்சார அலுவலகத்துக்கும் 1990 இலக்கத்துக்கும் உடனே அறிவிக்குக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மழைக்கு முன்னரே பீலியைத் துப்புரவாக்குக; மழையில் ஏறாதீர்.
2. தனியே வேலை செய்யாதீர்.
3. நிலத்தில் நின்று செய்யக்கூடியதை நிலத்தில் நின்றே செய்க.
4. ஏணியைப் பீலியிற் சாத்தாதீர். நான்கடிக்கு ஓரடி சாய்வு வைக்குக.
5. எட்டாத இடத்துக்கு ஏணியை நகர்த்துக.
6. கல்நார்க் கூரையில் ஏறாதீர்.
7. மின்கம்பிக்குப் பத்தடி விலகி நில்லுங்கள்.

கமக்காரரே! இவற்றைக் கைக்கொள்வதால் வேலை ஒரு மணி நேரம் கூடலாம். ஏணியை நான்கு முறை நகர்த்த வேண்டியும் வரலாம். ஆயின், ஐப்பசியில் முதல் மழை பெய்யும்போது பீலியில் நீர் சலசலத்து ஓடித் தொட்டி நிரம்பும். களஞ்சியத்தில் நெல் நனையாதிருக்கும். நீங்களும் மண்வெட்டியைத் தோளில் வைத்து வயலை நோக்கி நடப்பீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை இதற்காகச் செலவிடுதல் தகும்.